இயேசு, யோசுவா: ஒரே பெயரா, இரண்டு பெயரா?

கேள்வி, பிப்ரவரி 6

எங்கள் ஜெபக் குழுவில் ஒரு காணொளி சுற்றுகிறது. "இயேசு" என்ற பெயரே போலியாம். கிரேக்கர்கள் தங்கள் தெய்வம் ஜீயஸின் பெயரை உள்ளே நுழைத்து "யே-சூஸ்" என்று ஆக்கிவிட்டார்களாம். உண்மையான பெயர் "யாஹுஷுவா", அந்தப் பெயரைச் சொல்லாத ஜெபம் கூரையைத் தாண்டாது என்கிறார்கள். குழு இரண்டாக உடைந்து கிடக்கிறது. மூல மொழி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இதில் ஏதாவது உண்மை உண்டா?

பிப்ரவரி 6, இரவு 11.20

இல்லை. இந்த ஒரு சொல்லோடு தூங்கப் போயிருப்பேன். ஆனால் அதே காணொளி எனக்கும் மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். நான் பண்டிதன் இல்லை. மாலை வகுப்பில் இரண்டு வருடம் கிரேக்கம் படித்தேன், எபிரேயத்தைப் பாதியில் விட்டேன், எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் இந்தப் பெயர் இயேசூஸ். இதைச் சபை உருவாக்கவில்லை. கிமு மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த யூதர்கள் மோசேயின் ஐந்து நூல்களைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனார்கள், எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்போமே, அதன் தொடக்கம் அது. அதிலே நூனின் மகன் யோசுவாவின் பெயர் என்ன தெரியுமா? இயேசூஸ். பெத்லகேமில் பிள்ளை பிறப்பதற்கு இருநூறு வருடத்துக்கும் முன்னாலேயே யூதர்கள் தங்கள் கையாலேயே எழுதி வைத்த பெயர். கிமு 167-இல் கிரேக்க அரசன் நாலாம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தில் ஜீயஸ் வழிபாட்டைத் திணித்தான், அதை எதிர்த்து யூதர்கள் எழும்பின மக்கபேயர் போரே மூண்டது. அந்த ஜனங்கள் தங்கள் பெரிய வீரனின் பெயருக்குள் ஜீயஸை ஒளித்து வைத்துவிட்டு சும்மா இருந்தார்கள் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

ஒலியும் பொருந்தவில்லை. ஜீயஸின் முதல் எழுத்து வேறு, இயேசூஸில் நடுவில் வரும் ஸ் வேறு. ஜீயஸ் என்ற சொல் வேற்றுமை ஏற்றால் டியோஸ் என்று அடியோடு மாறிவிடும். இயேசூஸ் அப்படி மாறுவதில்லை.

பிப்ரவரி 7, காலை 6.45

கடைசி "ஸ்" எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ராமன் என்ற பெயரில் "ன்" எங்கிருந்து வந்தது? வடமொழியில் ராம. தமிழுக்கு வந்தால் ஆண் பெயர் அன் விகுதியில் முடிய வேண்டும், அதனால் இராமன், கண்ணன், இலக்குவன். கிரேக்கத்தில் ஆண் பெயர் எழுவாயாக நிற்கும்போது பெரும்பாலும் "ஸ்" ஒட்டும். அதே வேலைதான், இதில் சதி ஒன்றும் இல்லை. ராமனைக் கூப்பிட்டால் "ராமா" என்று ன் விழுகிறதல்லவா, கிரேக்கனும் கூப்பிடும்போது ஸ்-ஐ விட்டுவிட்டு "இயேசூ" என்பான். செயப்படுபொருளானால் "இயேசூன்". ஆக, இன்றைக்கு ஒரு தமிழ்ப் பாட்டி முழங்காலில் நின்று "இயேசுவே" என்று தொடங்கினால், முதல் நூற்றாண்டில் கொரிந்து பட்டணத்தில் ஒருத்தி கூப்பிட்டதற்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறாள்.

மற்ற மாற்றங்கள்: எபிரேயத்தில் யேஷுவா. கிரேக்கத்தில் "ஷ" கிடையாது, ஸ ஆயிற்று. நமக்கும் கிரந்த எழுத்து இல்லாவிட்டால் ச தான், யோசுவா என்றுதானே எழுதுகிறோம். எபிரேயப் பெயரின் கடைசியில் தொண்டைக்குள் அமுக்கிச் சொல்லும் அயின் என்ற ஒலி உண்டு, அதுவும் கிரேக்கத்தில் இல்லை. விழுந்துவிட்டது. அந்த இடத்தில் வேற்றுமை ஏற்க வசதியாக ஸ் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது.

பிப்ரவரி 7, மதியம் 1.10

"யோசுவாவும் இயேசுவும் ஒரே பெயர் என்றால் நம் வேதாகமத்தில் ஏன் இரண்டாக இருக்கிறது?" நியாயமான கேள்வி. நானே இதில் அடி வாங்கியவன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு வேதபாட வகுப்பில் எபிரேயர் 4:8-ஐ 1611-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பில் வாசித்தேன். அங்கே "இயேசு அவர்களுக்கு இளைப்பாறுதல் கொடுத்திருந்தால், வேறொரு நாளைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டாரே" என்ற தொனியில் வரும். நானும் விடாமல் "அப்போ இயேசு இளைப்பாறுதல் கொடுக்கவில்லை என்றா பவுல் எழுதுகிறார்?" என்று எழுந்து நின்று கேட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பின்வரிசைப் பெரியவர் ஒருவர் மெதுவாக, "தம்பி, தமிழ்லயும் ஒருக்கா வாசி" என்றார். தமிழில் யோசுவா என்று போட்டிருந்தது. கானானுக்குள் ஜனங்களை நடத்திக்கொண்டு போன யோசுவா. கிரேக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே எழுத்து என்பதால், அந்த ஆங்கிலப் பெயர்ப்பாளர்கள் அங்கே ஜீசஸ் என்று போட்டுவிட்டார்கள். அப்போஸ்தலர் 7:45-இலும் இதே கதைதான். தமிழ்ப் பெயர்ப்பாளர்கள் இரண்டு இடத்திலும் உஷாராக யோசுவா என்று பிரித்துக் காட்டினார்கள். வாசிப்பவனுக்கு நல்லது. ஆனால் கிரேக்கத்தில் வாசித்தவன் காதில் விழுந்த ஒன்று நம் காதில் விழாமல் போயிற்று: எபிரேயர் நிருபத்தை எழுதியவர் "அந்த இயேசுவால் முடியாதது" என்று சொல்லும்போதே "இந்த இயேசு" பின்னால் நிற்கிறார்.

(எபிரேயர் நிருபம் பவுல் எழுதியதா என்று யாரும் இங்கே தொடங்க வேண்டாம். அன்றைக்கு நான் அப்படிக் கேட்டேன் என்றுதான் சொன்னேன்.)

பிப்ரவரி 7, மதியம் 1.25

இரண்டு அண்ணன் தம்பி எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். என் சித்தி மகன்கள். மூத்தவன் யோசுவா, இளையவன் சேசுராஜ். சித்தி தாய்வீட்டில் ஒரு சபை, புகுந்த வீட்டில் ஒரு சபை, ஆளுக்கொரு பெயர் என்று பங்கு பிரித்து வைத்தார்கள். போன கிறிஸ்துமஸுக்கு இந்த விஷயத்தைச் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ ஒருத்தனைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் வரணுமேடா, ஒருத்தனும் வர மாட்டேங்கானே" என்றார்.

பிப்ரவரி 7, இரவு 9.50

பொருளுக்கு வருவோம். எண்ணாகமம் 13:16-இல் நூனின் மகன் ஓசேயாவுக்கு மோசே யோசுவா என்று பேரிடுகிறான். எபிரேயத்தில் ஹோஷேயா என்பது யெஹோஷுவா ஆகிறது, முன்னால் கடவுளின் பெயர் வந்து சேர்கிறது. வெறும் "இரட்சிப்பு" என்பது "கர்த்தர் இரட்சிப்பு" என்று ஆகிறது. பெரும்பாலான மேடைகளில் இத்தோடு முடித்துவிடுவார்கள்.

உள்ளே கொஞ்சம் சிக்கல் உண்டு. பின்பாதியான "ஷுவா" இரட்சித்தல் என்ற வினையின் நேரடி வடிவம்போல் தெரிந்தாலும், "உதவி கேட்டுக் கூப்பிடுதல்" என்ற இன்னொரு வேரோடும் ஒத்துப்போகிறது. எலிஷுவா, மல்கிஷுவா, அபிஷுவா என்று அதே பின்பாதியோடு வேறு பெயர்களும் இருக்கின்றன (மல்கிசூவா சவுலின் மகன்களில் ஒருவன்). "யெகோவாவே உதவி" என்று பொருள் சொல்பவர்களும் தப்பு சொல்லவில்லை. ஆனால் அகராதிக்காரர் என்ன சொன்னால் என்ன, அந்தக் காலத்து யூதன் காதில் அது இரட்சிப்பாகத்தான் விழுந்தது. சீராக்கின் ஞானம் என்ற பழைய யூத நூலின் 46-ஆம் அதிகாரம் யோசுவாவைப் பற்றிப் பேசும்போது அவன் தன் பெயருக்கு ஏற்றபடி மீட்பதில் பெரியவனானான் என்கிறது. அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் பிலோ, இயேசுவின் காலத்தவர், யோசுவா என்ற பெயருக்கு "கர்த்தரின் இரட்சிப்பு" என்றே பொருள் எழுதுகிறார்.

இப்போது மத்தேயு 1:21: "இயேசு என்று பேரிடுவாயாக, ஏனெனில் அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்." அந்த "ஏனெனில்" கிரேக்கத்தில் ஒட்டவே ஒட்டாது. இயேசூஸ் என்பதற்கும் இரட்சிப்பார் என்ற கிரேக்கச் சொல்லான "ஸோஸெய்" என்பதற்கும் சம்பந்தமில்லை. தமிழிலும் ஒட்டாது. எபிரேயத்தில் சொல்லிப் பாருங்கள்: "யேஷுவா என்று பேரிடு, ஏனெனில் அவர் யோஷீயா" (யோஷீயா என்றால் இரட்சிப்பார்). டக்கென்று பூட்டில் சாவி விழுகிறது. "முருகன் என்று பெயர் வை, ஏனென்றால் அழகாக இருப்பான்" என்பதைத் தமிழ் தெரியாதவன் வாசித்தால் ஏன் "ஏனென்றால்" என்று முழிப்பான் இல்லையா, அதே நிலைமைதான் மத்தேயுவின் கிரேக்க வாசகனுக்கும். மத்தேயு அதை விளக்கவும் இல்லை. அடுத்த இரண்டாவது வசனத்தில் இம்மானுவேல் என்ற பெயருக்கு மட்டும் தேவன் நம்மோடு இருக்கிறார் என்று பொருள் எழுதுகிறார். இதற்கு எழுதவில்லை, இந்தப் பெயர் அவர்களுக்கு அவ்வளவு பழக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பிப்ரவரி 8, காலை 7.30

வந்துவிட்டது, எதிர்பார்த்தேன். "ஈசன் என்ற தமிழ்ச் சொல்தான் இயேசு ஆனது."

ஐயா, ஈசன் என்பது ஈஷ் என்ற வடமொழி வேர், ஆளுதல் என்று பொருள். அதில் நடுவில் ஷ, இதில் நடுவில் ஷ, அவ்வளவே ஒற்றுமை. இப்படிப் பார்த்தால் எங்கள் பக்கம் ஏசுவது என்றால் திட்டுவது, "ஏசுநாதர்" என்று எழுதினால் என்ன பொருள் சொல்வீர்கள்? குர்ஆனில் ஈசா என்று வருகிறதே என்று கேட்காதீர்கள். அரபு ஈசாவில் முதல் ஒலியே அந்தத் தொண்டை அயின்தான், தமிழில் எழுதும்போது அது மறைந்துவிடுவதால் ஈசனோடு ஒட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. கேரளத்தில் சிரியன் கத்தோலிக்கர் "ஈஶோ" என்பது கிழக்குச் சீரியத்தில் "ஈஷோ" என்று சொல்வதிலிருந்து வந்தது. யேஷுவா நேராகக் கிரேக்கத்துக்குப் போகாமல் கிழக்கே நடந்து வந்த வழி.

பிப்ரவரி 8, மாலை 5.15

யாஹுஷுவா விஷயத்தில் நேற்று நான் மனதுக்குள் "சுத்த உளறல்" என்று தள்ளிவிட்டேன். பிறகு ஒரு நண்பர் தனியாக எழுதி என்னை நிறுத்தினார். அவர் சொன்னதில் பாதி சரி.

எபிரேய வேதத்தில் உயிர்க்குறிகள் இட்ட மசோரெத் பிரதிகளில் இந்தப் பெயர் யெஹோஷுவா. கடவுள் பெயர் முன்னால் வந்தால் யெஹோ அல்லது யோ (யோனத்தான்), பின்னால் வந்தால் யாஹு (எலியாஹு, ஏசாயா எபிரேயத்தில் யெஷயாஹு). அதனால்தான் யாஹு-வை முன்னால் ஒட்டுவது இலக்கணப் பிழை என்று நினைத்திருந்தேன். ஆனால் கிமு ஐந்தாம் நூற்றாண்டில் பாபிலோனியாவின் நிப்பூர் நகரத்தில் எழுதிய களிமண் பலகைகளில் யூதர்களின் பெயர்கள் இருக்கின்றன. அங்கே முன்னால் வரும்போதும் "யாஹு" என்றுதான் ஆப்பெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆக யாஹு என்று தொடங்கும் உச்சரிப்பு பழங்காலத்தில் இருந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அது காணொளிக்காரருக்கு உதவாது. முதல் நூற்றாண்டில் நாசரேத்தில் தாய் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டது அந்தப் பெயரில் இல்லை. அதற்குள் பெயர் சுருங்கிவிட்டது. சுப்பிரமணியன் சுப்புவானதுபோல் என்று எழுத வந்தேன், அது செல்லப்பெயர், இது அப்படி இல்லை. இது பதிவேட்டிலேயே சுருங்கின பெயர்.

நம் வேதாகமத்திலேயே பார்க்கலாம். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த பிரதான ஆசாரியனுக்கு ஆகாய், சகரியா புத்தகங்களில் யோசுவா என்று பெயர். அதே ஆள் எஸ்றா புத்தகத்தில் யெசுவா. எபிரேயத்தில் அங்கே யெஹோஷுவா, இங்கே யேஷுவா. ஒரே மனிதன், ஒரே காலம், இரண்டு எழுத்து. நெகேமியா 8:17-இல் எபிரேயம் பழைய நூனின் மகனையே யேஷுவா என்கிறது. தமிழில் குழப்பம் வரக்கூடாதென்று யோசுவா என்றே போட்டுவிட்டார்கள். அதாவது இரண்டும் ஒன்றுதான் என்று யூதர்களே எழுதி வைத்துவிட்டார்கள். எது செல்லும் எது செல்லாது என்று சண்டை போட வேண்டிய முதல் ஆள் எஸ்றா, அவரே கவலைப்படவில்லை.

பிப்ரவரி 8, மாலை 5.40

இதில் ஒரு குறுக்குச் சந்து. யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூத் நூல்களில் இயேசுவுக்கு யேஷு என்று அயின் இல்லாத வடிவம் வருகிறது. அது வசை என்று பலர் எழுதுவார்கள். டேவிட் ஃபுளூசர் என்ற யூத அறிஞர், அது கலிலேய நாட்டு உச்சரிப்பாக இருக்கலாம் என்றார். கலிலேயருக்குத் தொண்டை ஒலிகள் வராது என்று தல்மூத்திலேயே ஒரு கேலி உண்டு. ஒரு கலிலேயன் சந்தையில் "அமர் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்பான். "முட்டாளே, ஏறிப்போகக் கழுதையா, குடிக்கத் திராட்சரசமா, உடுத்தக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா?" என்று எதிர்க்கேள்வி வரும். அவன் வாயில் நாலும் ஒன்றுபோல் ஒலிக்கும்.

எனக்கு இது ரொம்ப நெருக்கமான கதை. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் நான் "பளம்" என்று சொன்னதை வைத்து மூன்று வருடம் ஓட்டினார்கள். பேதுருவை "உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது" என்று முற்றத்தில் மடக்கினார்களே, அவருக்கு என்னைவிட மோசமான இரவு.

பிப்ரவரி 9, இரவு 10.05

"தேவகுமாரனின் பெயர் வேறு யாருக்கும் இருந்திருக்க முடியாது." யார் சொன்னது?

அந்தக் காலத்து யூதர்களின் பெயர்களை நூல்கள், கல்வெட்டுகள், இறந்தவர்களின் எலும்புகளை எடுத்து வைக்கும் பெட்டிகள் எல்லாவற்றிலிருந்தும் டால் இலான் என்ற ஆய்வாளர் தொகுத்திருக்கிறார். பாலஸ்தீனத்து ஆண் பெயர்களில் முதலிடம் சீமோன், இரண்டாமிடம் யோசேப்பு. யோசுவா அல்லது யேஷுவா ஆறாமிடம். தெருவுக்கு ஒரு முருகன் மாதிரி. வரலாற்றாசிரியர் ஜோசிபஸின் நூல்களில் மட்டும் ஏறக்குறைய இருபது இயேசுக்கள். கிபி 62-இல் அன்னா என்ற பிரதான ஆசாரியன் "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபை" கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தான் என்று அவர் எழுதுகிறார். சில வரிகள் தள்ளி, அதற்காக அன்னாவின் பதவியைப் பறித்து யாருக்குக் கொடுத்தார்கள்? தம்னேயுவின் மகன் இயேசுவுக்கு! "கிறிஸ்து எனப்பட்ட" என்ற அடைமொழி ஏன் தேவைப்பட்டது என்று அந்தப் பக்கத்தை வாசித்தாலே புரியும்.

இன்னொருவன் அனனியாவின் மகன் இயேசு, நாட்டுப்புறத்தான். ரோமரோடு யூதர்களின் போர் தொடங்குவதற்கு நாலு வருடம் முன் கூடாரப் பண்டிகையில் "எருசலேமுக்கு ஐயோ" என்று கத்தத் தொடங்கினான். ரோம அதிகாரி அல்பீனு எலும்பு தெரியச் சாட்டையால் அடித்தும் நிறுத்தவில்லை. ஏழு வருடம் ஐந்து மாதம் கத்தினான். கடைசியில் முற்றுகையின்போது மதில்மேல் நின்று "எனக்கும் ஐயோ" என்றான், கல்லெறி இயந்திரத்தின் கல் ஒன்று வந்து விழுந்தது, முடிந்தது. ஜோசிபஸில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் பக்கம் இது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

புதிய ஏற்பாட்டுக்குள்ளும் உண்டு. கொலோசெயர் 4:11-இல் யுஸ்து என்று இன்னொரு பெயர் கொண்ட ஒரு இயேசு பவுலோடு இருக்கிறார். மத்தேயு 27:16-17-இல் சில பழைய கையெழுத்துப் பிரதிகள் பரபாஸை "இயேசு பரபாஸ்" என்கின்றன. பிலாத்து கேட்பது அப்போது எப்படி இருக்கும்: எந்த இயேசு வேண்டும், பரபாஸ் இயேசுவா, கிறிஸ்து எனப்பட்ட இயேசுவா? மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இந்தப் பாடத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டார், பாவியான ஒருவனுக்கு இந்தப் பெயர் பொருந்தாதே என்றார். அந்தச் சங்கடமே எனக்குச் சாட்சி. பிரதி எடுக்கிறவன் கொலைகாரனுக்கு இந்தப் பெயரைப் புதிதாகச் சேர்ப்பானா, இருந்ததை எடுப்பானா?

எருசலேமில் கிடைத்த எலும்புப் பெட்டி ஒன்றில் "யோசேப்பின் மகன் யேஷுவா" என்று இருப்பதாக 1931-லேயே சுகெனிக் என்ற தொல்லியலாளர் அறிவித்தார். பெரிதாக யாரும் அலறவில்லை. 1980-இல் எருசலேமின் தல்பியோத் பகுதியில் கிடைத்த, அதே பெயர்கள் கொண்ட பெட்டிக்குத்தான் பிற்பாடு தொலைக்காட்சியில் அத்தனை ஆர்ப்பாட்டம். ஆறாமிடத்துப் பெயரும் இரண்டாமிடத்துப் பெயரும் சேர்ந்து வருவது அதிசயமா?

பிப்ரவரி 10, காலை 6.20

ஜீயஸ் கட்சிக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது, ராத்திரி படுத்த பிறகுதான் நினைவு வந்தது. கிரேக்க மோகம் பிடித்த யூதன் ஒருவன் தன் யேஷுவா என்ற பெயரைக் கிரேக்கமாக்க நினைத்தால் என்ன செய்வான்? யாசோன் என்று மாற்றிக்கொள்வான். அசல் கிரேக்கப் பெயர், ஒலியும் கிட்டத்தில் இருக்கிறது. மக்கபேயர் காலத்துக்குச் சற்று முன் பிரதான ஆசாரியப் பதவியைப் பணம் கொடுத்து வாங்கி, எருசலேமில் கிரேக்க உடற்பயிற்சிக்கூடம் கட்டிய யாசோன் அப்படிப்பட்டவன். இயற்பெயர் இயேசு, யாசோன் என்று மாற்றிக்கொண்டான் என்று ஜோசிபஸ் எழுதுகிறார். ஆக இயேசூஸ் என்பது கிரேக்கமாகாமல் நின்றவர்களின் வடிவம்! காணொளி தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

பின்னாளில் கிரேக்கர்களும் சும்மா இருக்கவில்லை. நாலாம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயர் சிரில், இயேசு என்றால் எபிரேயத்தில் இரட்சகர், கிரேக்கத்தில் "குணமாக்குகிறவர்" என்று போதித்தார். குணமாக்குதல் என்ற கிரேக்கச் சொல் அப்படி ஒலிக்கும். அழகான கற்பனை, சொற்பிறப்பு இல்லை. ஈசன் சொன்ன ஐயாவுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும், பெரிய பெரிய ஆட்களும் அதைத்தான் செய்தார்கள்.

பிப்ரவரி 10, இரவு 11.30

யார் முதலில் பிரித்தார்கள் என்ற கேள்விக்கு: கிரேக்கத்தில் பிரிக்கவே இல்லை. இன்றைக்கும் கிரேக்க சபையில் யோசுவாவின் புத்தகம் "இயேசூஸ்" தான், நூனின் மகன் என்பது நவே என்று சேரும். ரஷ்யர்கள் "இயிசுஸ் நவின்" என்பார்கள். பழைய லத்தீனிலும் ஒன்றே. கிபி 400-ஐ ஒட்டி ஜெரோம் பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தே லத்தீனுக்குப் பெயர்த்தபோது அங்கே யோசுவே என்று எழுதினார், புதிய ஏற்பாட்டில் இயேசுஸ் என்பது அப்படியே நின்றது. மேற்கு முழுக்க அந்த வழியில் போயிற்று, நாமும் போனோம். ஜெரோமைக் குறை சொல்ல முடியாது, எபிரேயத்தை உள்ளபடி எழுதினார். ஆனால் இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் "மோசே ஓசேயாவுக்கு இயேசு என்று ஏன் பேரிட்டான், யோசியுங்கள்" என்று யூதரான டிரைபோவோடு பக்கம் பக்கமாக வாதாடியது, லத்தீனிலும் தமிழிலும் விளக்கம் போட்டால்தான் புரியும்.

பிரிக்காததால் வரும் வேடிக்கையும் உண்டு. யூதா நிருபம் 5-ஆம் வசனத்தில் தமிழில் "கர்த்தர்" ஜனத்தை எகிப்திலிருந்து இரட்சித்தார். சில முக்கியமான பழைய பிரதிகளில் அங்கே "இயேசூஸ்". 2012-இல் வந்த கிரேக்கப் பதிப்பு அதையே மூலப்பாடமாக எடுத்துக்கொண்டது. யோசுவாவா என்றால், எகிப்திலிருந்து நடத்தியது மோசே. இயேசுவா என்றால், அவர் ஆயிரம் வருடத்துக்கும் பின்னால். பிரதி எடுத்த பழைய ஆளுக்கு இரண்டும் கேட்டிருக்கும், நமக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய தலையெழுத்து.

இதே அளவுகோலை மற்றப் பெயர்களில் வைத்தால் தமிழ் சில இடத்தில் ஆங்கிலத்தைவிடக் கெட்டி. யாக்கோபு முற்பிதா, யாக்கோபு சீஷன் என்று ஒரே பெயராக வைத்திருக்கிறோம், ஆங்கிலேயன் ஜேக்கப், ஜேம்ஸ் என்று பிரித்துவிட்டான். மிரியாம், மரியாள் விஷயத்தில் நாமும் பிரித்தோம், எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் மோசேயின் அக்காளும் மரியம் தான்.

பிப்ரவரி 11, மதியம் 2.00

888 என்று மட்டும் ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கிரேக்க எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, இயேசூஸின் ஆறு எழுத்துக்கும் 10, 8, 200, 70, 400, 200. கூட்டினால் 888 வரும், சரிதான். இரண்டாம் நூற்றாண்டிலேயே இதில் மயங்கினவர்கள் உண்டு, ஆயர் இரேனியு அவர்களைத் திட்டியிருக்கிறார். எங்கள் கோயில் பீடத்தில் ஐ-எச்-எஸ் என்று மூன்று எழுத்து இருக்கும், லத்தீனில் "மனிதரின் மீட்பர் இயேசு" என்று விரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அது இந்தக் கிரேக்கப் பெயரின் முதல் மூன்று எழுத்து மட்டுமே. நடு எழுத்து எச் இல்லை, ஏ என்ற நெடில்.

பிப்ரவரி 12, இரவு 9.15

கடைசியாகத் தமிழ் "இ". யேசு என்று எழுதாமல் ஏன் இயேசு? நன்னூலில் பதில் இருக்கிறது என்று குதித்தேன். சொல்லின் முதலில் யகரம் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்ற ஆறோடுதான் வரலாம். யா வரும், அதனால் யாக்கோபு. யூ வரும், யூதா. யோ வரும், யோசுவா. யே வராது! அதனால் முன்னால் ஒரு இ. எவ்வளவு கச்சிதம். தொல்காப்பியம் இன்னும் கறார், ஆ தவிர எதற்கும் இடமில்லை.

பிப்ரவரி 12, இரவு 9.40

கச்சிதம் உடைந்தது. யெகோவா. யெப்தா. யெரொபெயாம். ஏன், இதே இழையில் நானே எழுதிய யெசுவா. எல்லாம் அதே வேதாகமத்தில் இ இல்லாமல் நிற்கின்றன. நன்னூல் அந்தப் பெயர்ப்பாளர்களைத் தடுக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பாட்டிக்கு இயேசுவும் இல்லை, யேசுவும் இல்லை. சேசு தான். சேசு மரி சூசை. போர்த்துக்கீசிய பாதிரிமார் வாயிலிருந்து கடற்கரைக்கு வந்த ஒலி, அவர்களின் ஜ நமக்குச் ச ஆயிற்று, அதே வழியில் யோசேப்பு சூசை ஆனார். சாகும்போதும் அந்த மூன்று பெயரைத்தான் சொன்னார்.

பிப்ரவரி 13, காலை 6.10

முற்றிலும் உடையவில்லை போல. அப்போஸ்தலர் 13:6, பாப்போ பட்டணத்து மாயவித்தைக்காரன். பெயருக்கு "இயேசுவின் மகன்" என்று பொருள், அரமாயிக்கில் பர் என்றால் மகன். தமிழில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்: பர்யேசு. யே சொல்லின் நடுவுக்குப் போனதும் இ-யைக் காணோம். யெகோவா பற்றி யாராவது சொல்லுங்கள், நான் வேலைக்குக் கிளம்புகிறேன்.